பில்டர் தரும் வக்கீலும் ஆர்க்கிடெக்டும் நமக்குப் போதுமா?

கேள்வி: கோவையில் நாங்கள் 12 குடும்பங்கள். பாதிப் பேர் ஓய்வு பெற்றவர்கள், மற்றவர்கள் ஓய்வை நெருங்குகிறவர்கள். அவரவருக்குத் தனி வீடு, கூடவே பொதுச் சமையலறை, சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட ஒரு கூடம், விருந்தினர் அறை, தோட்டம் என்று ஒரே வளாகத்தில் வாழ ஆசைப்படுகிறோம். நகரத்தை ஒட்டி 40 சென்ட் இடம் இருக்கிறது. நிலத்துக்காரரும் ஒரு பில்டரும் ஜாயிண்ட் வென்ச்சர் போடுகிறார்கள். தரைத்தளமும் இரண்டு மாடியுமாக 16 வீடுகள். நிலத்துக்காரருக்கு 4, எங்களுக்கு 12. சதுர அடி 6,000 ரூபாய், வீடு ஒன்று சுமார் 70 லட்சம். "ஆர்க்கிடெக்ட், வக்கீல், இன்ஜினியர் எல்லாம் நம்மகிட்டயே இருக்காங்க, உங்களுக்கு எதுக்குங்க வெட்டிச் செலவு" என்கிறார் பில்டர். 15 நாளில் குடும்பத்துக்கு 2 லட்சம் டோக்கன் கொடுத்து எம்ஓயு (புரிந்துணர்வு ஒப்பந்தம்) போடச் சொல்கிறார். தனியாக ஆள் வைத்தால் அவரை நம்பாத மாதிரி ஆகிவிடுமோ என்று எங்களில் சிலர் தயங்குகிறார்கள். யாரை, எப்போது, எவ்வளவு செலவில் வைப்பது?
வாசகர், கோவை

பதில்:

அன்புள்ள வாசகருக்கு, வணக்கம்.

தனியாக ஆள் வையுங்கள். டோக்கன் கொடுப்பதற்கு முன்பே வையுங்கள். இதில் பில்டரை நம்புகிறீர்களா இல்லையா என்ற பேச்சே வர வேண்டாம். அவருடைய வக்கீல் அவருக்காகப் பத்திரம் எழுதுவார், அதுதான் அந்த வக்கீலின் கடமை. அவருடைய ஆர்க்கிடெக்ட் விற்கக்கூடிய சதுர அடியைக் கூட்டப் பார்ப்பார், அதற்குத்தான் அவருக்குச் சம்பளம். உங்களுக்காகப் படிக்கவும் கணக்குப் போடவும் அந்த மேசையில் யாரும் இல்லை. அந்த ஒரு நாற்காலியை நிரப்பச் சொல்கிறோம், அவ்வளவுதான். பில்டரின் வக்கீலுக்கும் ஆர்க்கிடெக்டுக்குமான செலவு சதுர அடி விலையில் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது என்பதையும் மறக்காதீர்கள்.

சாதாரணமாக ஃப்ளாட் வாங்குகிறவருக்கு இல்லாத மூன்று கவலைகள் உங்களுக்கு உண்டு. பொதுக்கூடமும் சமையலறையும் யாருக்குச் சொந்தம், மிச்சமிருக்கும் எஃப்எஸ்ஐ (நிலப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற வரம்பு) யாருக்கு, நிலத்துக்காரரின் 4 வீடுகளுக்கு யார் குடிவருவார்கள். பில்டரின் வழக்கமான ஒப்பந்தப் படிவத்தில் இந்த மூன்றைப் பற்றியும் ஒரு வரிகூட இருக்காது. அவர் மறைக்கிறார் என்று சொல்லவில்லை. வழக்கமான வாடிக்கையாளர் யாரும் அதைக் கேட்பதில்லை, அதனால் படிவத்தில் இல்லை.

முதலில் அந்த 2 லட்சத்தைப் பார்ப்போம். 12 குடும்பத்துக்கு 24 லட்சம். ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 3ஆவது பிரிவுப்படி, பதிவு செய்யாத திட்டத்தில் வீட்டை விளம்பரப்படுத்தவோ, புக்கிங் எடுக்கவோ, விற்கவோ கூடாது. நிலம் 500 சதுர மீட்டருக்குள் இருந்தாலோ, வீடுகள் 8க்கு மேல் போகாவிட்டாலோதான் பதிவிலிருந்து விலக்கு. உங்கள் 40 சென்ட் என்பது 17,424 சதுர அடி, ஏறக்குறைய 1,619 சதுர மீட்டர், வீடு 16. இரண்டிலுமே விலக்கு கிடையாது. "நீங்க எல்லாரும் ஒரே குரூப், வெளி ஆளுக்கு விக்கலை, ரெரா வேண்டாம்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பதிவு இல்லாவிட்டால் உங்களுக்குக் கைநழுவிப் போகிறவை கொஞ்சமல்ல: வாங்கிய பணத்தில் 70 சதவீதம் தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும் என்ற விதி, விற்பனை ஒப்பந்தம் பதியாமல் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்ற விதி, ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் கட்டமைப்பில் குறை வந்தால் 30 நாளில் இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும் என்ற விதி.

அதனால் இப்போதைக்கு வீட்டுக்கான பணமாக எதுவும் கொடுக்க வேண்டாம். பில்டருக்கும் ஒரு பிடிமானம் வேண்டும் அல்லவா? அதற்கு, 90 நாளைக்கு இந்த இடத்தை வேறு யாருக்கும் பேச மாட்டேன் என்று அவரும், இந்த 90 நாளில் வேறு பில்டரிடம் போக மாட்டோம் என்று நீங்களும் எழுதிக்கொள்ளும் ஒரு புரிந்துணர்வுக் கடிதம் போதும். விலை, வீட்டு எண்ணிக்கை, பொதுக்கூடத்தின் அளவு, நீங்கள் நியமிக்கும் நிபுணர்களுக்கு ஆவணங்களைக் காட்டச் சம்மதம் ஆகிய நான்கும் அதில் இருக்கட்டும். அந்தக் கடிதத்தையும் உங்கள் வக்கீல்தான் எழுத வேண்டும்.

வக்கீலைத் தேடும்போது இரண்டு வேலை இருப்பதை நினைவில் வையுங்கள். ஒன்று நிலத்தின் உரிமையைப் பார்ப்பது, இன்னொன்று ஒப்பந்தம் எழுதுவது. ஒருவரே இரண்டையும் செய்யலாம். ஆனால் கட்டணத்தையும் அறிக்கையையும் தனித்தனியாக வாங்குங்கள், ஏனென்றால் உரிமை அறிக்கை சரியில்லை என்றால் இரண்டாவது வேலைக்கே போக வேண்டியதில்லை. உரிமை பார்க்க, தாய்ப்பத்திரத்திலிருந்து இன்றுவரை உள்ள பத்திரங்கள், குறைந்தது 30 ஆண்டுக்கு வில்லங்கச் சான்று, பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்பட நகல் ஆகியவை வேண்டும். வில்லங்கம் சுத்தமாக இருந்தாலே போதும் என்று விட்டுவிடாதீர்கள். பதியாத பாகப்பிரிவினை, வாரிசுகளில் ஒரு மகளின் கையெழுத்து விடுபட்டது, மைனர் பங்கு, நிலுவையில் இருக்கும் வழக்கு இவை எல்லாம் வில்லங்கத்தில் வராமல் போகலாம். கோயில் நிலம், வக்ஃப், பஞ்சமி நிலம், நீர்நிலைப் புறம்போக்கு என்று எதிலும் சர்வே எண் சிக்கவில்லை என்பதைத் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். கோவைக்கு மேற்கே சில கிராமங்கள் ஹாகா எனப்படும் மலையிடப் பாதுகாப்புக் கட்டுப்பாட்டுக்குள் வருகின்றன. உங்கள் கிராமம் அந்தப் பட்டியலில் இருந்தால் கட்டட அனுமதியின் போக்கே வேறு. அதையும் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுங்கள்.

"பேங்க் லீகல் பார்த்து லோன் தர்றாங்க, அப்புறம் என்ன" என்று உங்களில் ஒருவராவது சொல்வார். பேங்கின் வக்கீல் பார்ப்பது கடன் திரும்பி வருமா என்பதை மட்டும். பொதுச் சமையலறை யார் பெயரில் இருக்கிறது என்று அவர் பார்க்க மாட்டார்.

நிலத்துக்காரருக்கும் பில்டருக்கும் இடையிலான ஜேடிஏ எனப்படும் கூட்டு மேம்பாட்டு ஒப்பந்தத்தில் நீங்கள் இல்லை. ஆனாலும் அதன் முழு நகலை வாங்கிப் படித்தாக வேண்டும். பில்டருக்குக் கொடுத்த பவர் பதிவு செய்யப்பட்டதா, விற்கும் அதிகாரம் எந்த வீடுகளுக்கு, நிலத்தை அடமானம் வைக்கும் அதிகாரமும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். பவர் கொடுத்தவர் வயதானவர் என்றால் இன்னும் கவனம் வேண்டும். பவரை வைத்துப் பத்திரம் பதியப் போகும்போது, அவர் உயிருடன் இருப்பதற்கான சான்று கேட்பார்கள். பாதிக் கட்டடத்தில் அவர் காலமாகிவிட்டால், வாரிசுகள் ஒவ்வொருவரையும் தேடிப் போக நேரலாம். விற்பனை ஒப்பந்தத்தில் பில்டரோடு நிலத்துக்காரரும் நேரடியாகக் கையெழுத்திடுவதுதான் நல்லது. கட்டுகிறவரும் விற்கிறவரும் வேறுவேறு ஆளாக இருந்தால் இருவரையுமே புரமோட்டராகத்தான் ரெரா சட்டம் பார்க்கிறது. ஆகவே அவர் "நான் நிலம் மட்டும்தானே கொடுத்தேன்" என்று விலகிக்கொள்ள முடியாது.

இனி எஃப்எஸ்ஐ. உங்கள் திட்டத்தில் எல்லாவற்றையும்விட அதிகமாக நாங்கள் அஞ்சுவது இதைத்தான். தமிழ்நாடு கட்டட விதிகளின்படி சாதாரணக் கட்டடத்துக்கு எஃப்எஸ்ஐ 2.0. உங்கள் 17,424 சதுர அடியில் 34,848 சதுர அடி வரை கட்டலாம். நீங்கள் திட்டமிடுவது 16 வீடும் பொதுக்கூடமும் சேர்த்து ஏறக்குறைய 20,000 சதுர அடிதான் வரும். மீதி 14,800 சதுர அடி என்பது இதே அளவில் இன்னும் 12 வீடு. இன்று தோட்டம் என்று வரைபடத்தில் பச்சையாக இருக்கும் இடம் நாளை இன்னொரு பிளாக் ஆகலாம். மொட்டை மாடி மூன்றாவது மாடி ஆகலாம். அனுமதி பெற்ற வரைபடத்தை மாற்ற, வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும் என்று ரெரா சொல்கிறது. 12 பேரில் 8 பேரைத் தனித்தனியாகப் பார்த்து, ஆளுக்கு ஒரு சலுகை கொடுத்தால் அந்தப் பூட்டு திறந்துவிடும்.

இதை அடைக்கும் வழி பத்திரத்தில் இருக்கிறது. மொத்த 17,424 சதுர அடியையும் 16 வீடுகளுக்கு யுடிஎஸ் (ஒவ்வொரு வீட்டுக்கும் உரிய பிரிக்கப்படாத நிலப் பங்கு) ஆகப் பிரித்து முடித்துவிடுங்கள். சமமாகப் பிரித்தால் வீட்டுக்கு 1,089 சதுர அடி. வீட்டு அளவுகள் வேறுபட்டால் அந்த விகிதத்தில். எப்படிப் பிரித்தாலும் கூட்டினால் முழு 17,424 வர வேண்டும். பல ஒப்பந்தங்களில் யுடிஎஸ்ஸைக் கூட்டிப் பார்த்தால் சில நூறோ சில ஆயிரமோ குறையும். அந்த மிச்சம் பில்டர் பெயரிலேயே தங்கி, பிற்காலக் கட்டுமானத்துக்கு வாசலாக இருக்கும். ஒவ்வொரு பத்திரத்திலும் 16 வீட்டின் யுடிஎஸ் அட்டவணையை இணைப்பாக வைத்து, "மீதமுள்ள மற்றும் பிற்காலத்தில் கிடைக்கும் எஃப்எஸ்ஐ முழுவதும் உரிமையாளர் சங்கத்துக்கே" என்ற வரியையும் சேர்க்கச் சொல்லுங்கள். பில்டர் இதற்குத் தயங்கினால் அப்போதே தெரிந்துவிடும், அவர் மனதில் என்ன திட்டம் இருக்கிறது என்று.

பொதுக்கூடத்துக்கு வருவோம். 16 வீடு என்றால் ஒரு வேளைக்கு ஏறக்குறைய 35 பேர் சாப்பிடலாம். உட்கார்ந்து பரிமாற ஆளுக்கு 1.5 சதுர மீட்டர் வைத்தால் கூடம் 52 சதுர மீட்டர். சமையலறை, ஸ்டோர், பாத்திரம் கழுவுமிடம் 28. இரண்டு விருந்தினர் அறை, கழிப்பறையோடு 36. வராந்தாவும் நடையும் 14. ஆக 130 சதுர மீட்டர், 1,400 சதுர அடி. இதை 16ஆல் வகுத்தால் வீட்டுக்கு 87.5 சதுர அடி. 6,000 ரூபாய் வீதம் 5.25 லட்சம். இந்தத் தொகை உங்கள் 70 லட்சத்துக்குள் இருக்கிறதா, மேலே வருகிறதா என்று இன்றே கேளுங்கள். ரெராவில் விற்பனை கார்பெட் ஏரியா (வீட்டுக்குள் புழங்கும் தரைப்பரப்பு) கணக்கில்தான். சுவரையும் பொது இடங்களின் பங்கையும் சேர்த்து சூப்பர் பில்ட்அப் என்று மொத்தமாகச் சொன்னால், பொதுக்கூடத்துக்கு நீங்கள் கொடுத்த பணம் எங்கே போனது என்று தெரியாது. நிலத்துக்காரரின் 4 வீடுகளும் இதில் தங்கள் பங்கை ஏற்கின்றனவா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. ஏற்காவிட்டால் 12ஆல் வகுக்க வேண்டும், உங்கள் பங்கு 7 லட்சமாகிவிடும்.

அந்தக் கூடம் அனுமதி வரைபடத்திலும் ரெரா பதிவிலும் "பொதுப் பகுதி" என்று குறிக்கப்பட்டிருக்க வேண்டும். கிளப் ஹவுஸ் என்றோ கடை என்றோ தனி எண்ணோடு இருந்தால், அது தனியாக விற்கக்கூடிய சொத்தாகிவிடும். சொத்து வரியும் மின் கட்டணமும் வணிக வகைக்குப் போய்விடக்கூடும்.

அக்கம்பக்கம் யார் என்ற கேள்விக்கும் ஒப்பந்தத்தில் ஓரளவு வழி உண்டு. நிலத்துக்காரர் தன் 4 வீட்டை விற்பதானால் முதலில் உங்கள் சங்கத்துக்கு 60 நாளோ 90 நாளோ வாய்ப்புத் தர வேண்டும் என்று எழுதலாம். உங்கள் 12 வீடுகளின் மறுவிற்பனைக்கும் இதே விதியைச் சங்கத்தின் துணைவிதியில் வையுங்கள். ஆனால் "வெளியாருக்கு விற்கவே கூடாது" என்று எழுதாதீர்கள். சொத்தை மாற்றிக்கொடுக்கும் உரிமையை முழுக்கத் தடுக்கும் நிபந்தனை, சொத்து மாற்றுச் சட்டத்தின் 10ஆவது பிரிவுப்படி செல்லாது. சங்கத்தை 2022ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தின் கீழ் அமைக்க வேண்டும். அது 2024இல்தான் நடைமுறைக்கு வந்தது. பழைய 1994 சட்டத்தை வைத்து எழுதிய துணைவிதி மாதிரிகளைப் பலர் இன்னும் கையில் வைத்திருக்கிறார்கள், அதை வாங்கிப் பெயர் மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

அடுத்தவர் ஆர்க்கிடெக்ட். பில்டரின் ஆர்க்கிடெக்டை மாற்றச் சொல்லிச் சண்டை போட வேண்டாம். அனுமதி வரைபடமும் கட்டட வரைபடமும் அவரே போடட்டும். அதற்கு முன்னால் இரண்டு மாத வேலைக்கு, உங்கள் பணத்தில், வேறொரு ஆர்க்கிடெக்டை வையுங்கள். அவருக்கு ஆர்க்கிடெக்சர் கவுன்சில் பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அவரிடமிருந்து உங்களுக்கு வேண்டியது வரைபடம் இல்லை, ஒரு தேவை ஆவணம். யார் யார் வாழப்போகிறார்கள், எத்தனை வேளை சேர்ந்து சாப்பாடு, சமைப்பவர் ஆளா நீங்களா, காலை காபி எங்கே, சக்கர நாற்காலி எங்கெல்லாம் போக வேண்டும், ஸ்ட்ரெச்சர் நுழையும் லிப்ட் வேண்டுமா, வீட்டுச் சமையலறையைச் சிறியதாக்கிப் பொதுச் சமையலறைக்கு இடம் விடச் சம்மதமா. இப்படி 15, 20 பக்கம். இந்த வகைக் குடியிருப்பு டென்மார்க்கில் 1970களின் தொடக்கத்தில் உருவானது. 1972இல் கட்டி முடித்த சேட்டடாமென் அங்கே ஆரம்பகாலத்தது. அமெரிக்காவில் 1991இல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் நகரில் 26 வீடுகளோடு முதலாவது வந்தது. கோஹவுசிங் என்று அங்கே சொல்லும் இந்த முறையில், குழு தன் தேவையை எழுதி முடித்த பிறகுதான் கோடு போடுவது வழக்கம். நாமும் அந்த ஒழுங்கைத்தான் பின்பற்றச் சொல்கிறோம். அனுமதிக்குப் போன பிறகு பொதுச் சமையலறையை இடம் மாற்றினால் திருத்திய அனுமதி, சங்க் ஸ்லாப் (குழாய்களுக்காகத் தாழ்த்திப் போடும் தளம்) மாற்றம், கழிவுக்குழாய் மாற்றம் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பில் வரும்.

சமையலறையில் ஒன்றை மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் வீட்டுச் சமையலறை மட்டுமே கட்டிப் பழகிய பில்டர்கள் இதை விட்டுவிடுவார்கள். 35 பேருக்குச் சமைத்த பாத்திரம் கழுவும் தண்ணீரில் எண்ணெய் நிறைய போகும். அந்தக் குழாய் நேராகக் கழிவுநீர்த் தொட்டிக்குப் போனால் சில மாதத்தில் அடைத்துக்கொள்ளும். சிங்குக்கும் தொட்டிக்கும் நடுவே, வெளியே, மூடி திறந்து வாரம் ஒருமுறை எண்ணெய்ப் படிவை அள்ளக்கூடிய கிரீஸ் டிராப் வேண்டும். சிலிண்டர் வரிசை கட்டடத்துக்கு வெளியே காற்றோட்டமான கூண்டில், புகைபோக்கி மொட்டை மாடிக்கு மேல்வரை. மேல் வீட்டு ஜன்னலுக்குக் கீழே புகை முடிந்தால், சேர்ந்து சாப்பிடும் பழக்கம் அந்த வீட்டுக்காரரோடு சண்டையில் முடியும்.

மூன்றாவது, கட்டும்போது பார்க்க உங்கள் பக்கத்துச் சிவில் இன்ஜினியர். பில்டரின் தனிக் கணக்கிலிருந்து பணம் எடுக்க இன்ஜினியர், ஆர்க்கிடெக்ட், ஆடிட்டர் மூவரும் வேலை இவ்வளவு முடிந்தது என்று சான்று தர வேண்டும் என்பது உண்மைதான். அந்த மூவருக்கும் சம்பளம் கொடுப்பது பில்டர். அதனால் தினமும் வராவிட்டாலும் முக்கியமான நாள்களில் வந்து நிற்கும் ஒருவர் உங்களுக்கு வேண்டும். மண் பரிசோதனை அறிக்கையிலேயே அவர் வேலை தொடங்குகிறது. கோவையைச் சுற்றிப் பல இடங்களில் கரிசல் மண் இருக்கிறது. மழையில் உப்பி வெயிலில் சுருங்கும் அந்த மண்ணில் சாதாரண ஆழத்தில் அஸ்திவாரம் போட்டால் சுவர் விரிசல் விடும். பிறகு அஸ்திவாரம், பிளிந்த் பீம், மூன்று ஸ்லாப், பூச்சுக்கு முன் குழாயும் வயர் குழாயும், குளியலறை வாட்டர்ப்ரூஃபிங், கடைசி ஒப்படைப்பு என்று மொத்தம் 15 வருகை போதும்.

ஒரு ஸ்லாப் நாளில் அவர் என்ன செய்வார் என்று பாருங்கள். கான்கிரீட் வண்டி வருவதற்கு முந்தின மாலையே வந்து, கம்பி விட்டமும் இடைவெளியும் ஸ்ட்ரக்சுரல் வரைபடத்தோடு ஒத்துப்போகிறதா என்று டேப் வைத்து அளப்பார். ஸ்லாப் கம்பிக்குக் கீழே 20 மில்லிமீட்டர் கவர் பிளாக் (கம்பி பலகையைத் தொடாமல் தாங்கும் சிறு கட்டை) இருக்கிறதா, மேல் கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் சேர்கள் ஆள் நடந்தால் மிதிபட்டு அமுங்குமா என்று பார்ப்பார். பால்கனியில் மேல் கம்பி அமுங்கினால், அந்தப் பால்கனி பின்னாளில் தொங்கும். 6,500 சதுர அடி, 5 அங்குல ஸ்லாப் என்றால் கான்கிரீட் ஏறக்குறைய 77 கன மீட்டர். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 456படி இதற்கு 5 மாதிரி, மாதிரிக்கு 3 என 15 க்யூப் (வலிமையைச் சோதிக்க வார்க்கும் கான்கிரீட் கட்டி) எடுக்க வேண்டும். 7ஆம் நாள் பார்க்கக் கூடுதலாகச் சில எடுத்துக்கொள்ளலாம். க்யூப் மேல் தேதியையும் தளத்தையும் எழுதி, அவர் கையெழுத்திட்டு, வெளி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். எம்25 வலிமைத் தரக் கான்கிரீட் என்றால் 28ஆம் நாள் முடிவுதான் கணக்கு. குளியலறைகளில் டைல்ஸ் போடும் முன் 48 மணி நேரம் தண்ணீர் தேக்கி வைத்து, கீழ்த்தளத்துக் கூரையை அண்ணாந்து பார்க்க வேண்டும். இந்த ஒரு சோதனையை விட்டுவிட்டால், மேல்வீட்டுக்காரரும் கீழ்வீட்டுக்காரரும் பத்து வருஷம் கசிவைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள்.

அவருக்குச் சதவீதக் கணக்கில் கட்டணம் வேண்டாம், வருகைக்கு இவ்வளவு என்று பேசுங்கள். பில்டரின் ஒப்பந்தத்தில், இவர் சைட்டுக்குள் வர அனுமதி உண்டு, ஸ்லாப் போடும் முன் 48 மணி நேர முன்னறிவிப்பு தர வேண்டும் என்ற இரண்டு வரிகளும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர் கேட்டில் நிற்பார். பொருள் பட்டியலையும் அவரிடமே கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். "அல்லது அதற்கு இணையான" என்ற சொற்கள் வரும் இடமெல்லாம் வட்டமிட்டு, "குழுவின் இன்ஜினியர் எழுத்தில் ஒப்புக்கொண்ட" என்று முன்னால் சேர்க்க வேண்டும். கம்பி, ஒயர், குழாய், லிப்ட், மோட்டார் இந்த ஐந்தில் அது கட்டாயம்.

ஆடிட்டரின் வேலை குறைவு, ஆனால் தவறினால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் நோட்டீஸ் வரும். 50 லட்சமும் அதற்கு மேலும் விலையுள்ள வீட்டுக்குப் பணம் கொடுக்கும்போதெல்லாம் 1 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்து நீங்கள்தான் கட்ட வேண்டும். 70 லட்சத்துக்கு 70,000. கட்டுமானத்தில் இருக்கும் உங்கள் வீட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதாவது 3.5 லட்சம், இது விலைக்குள்ளா வெளியிலா என்று எழுத்தில் வாங்குங்கள். 1 சதவீத விகிதம் 45 லட்சத்துக்குள் உள்ள வீடுகளுக்குத்தான். குழுவின் பொதுச் செலவுப் பணத்தை ஒருவரின் சேமிப்புக் கணக்கில் போடாதீர்கள். 7 பேர் இருந்தாலே 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் ஒரு சங்கம் பதியலாம், அதன் பெயரில் கணக்குத் தொடங்குங்கள். வீட்டுப் பணம் மட்டும் அந்தக் கணக்கு வழியாகப் போக வேண்டாம். அது ஒவ்வொரு குடும்பத்திலிருந்தும் நேராக ரெரா கணக்குக்கே போகட்டும்.

இன்னொருவரும் வேண்டும், அவருக்குப் பட்டம் தேவையில்லை. உங்கள் கூட்டங்களை நடத்த, இந்தத் திட்டத்தில் வீடு வாங்காத ஒருவர். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியரோ, தொண்டு நிறுவனத்தில் கூட்டம் நடத்திப் பழகியவரோ. பில்டர் மூன்று நாளில் டைல்ஸ் முடிவு கேட்பார், 12 குடும்பமும் மூன்று வாரம் வாட்ஸப்பில் பேசும். அதற்குள் சைட்டுக்குப் போன ஒருவர் மேஸ்திரியிடம் வாய்வார்த்தையாக ஒன்றைச் சொல்லிவிட்டு வருவார், மறுநாள் இன்னொருவர் வேறொன்று சொல்வார். பிறகு எல்லாவற்றுக்கும் கூடுதல் பில் வரும்போது யார் சொன்னது என்றே தெரியாது. நிலம், விலை, யார் சேரலாம், யார் விலகினால் பணம் எப்படித் திரும்பும் என்பவற்றுக்கு எல்லோரும் சம்மதிக்க வேண்டும். வரைபடத்துக்கும் பொதுக்கூடத்துக்கும் 12இல் 9 பேர். 50,000 ரூபாய்க்கு உட்பட்ட சைட் விஷயங்களை இரண்டு பேர் 48 மணி நேரத்தில் முடிவு செய்து, இன்ஜினியர் வழியாக, எழுத்தில் மட்டும் பில்டருக்குச் சொல்ல வேண்டும். இந்த விதியை முதல் கூட்டத்திலேயே எழுதி 12 பேரும் கையெழுத்திடுங்கள். சண்டை வந்த பிறகு விதி எழுத முடியாது.

செலவு? 12 வீட்டின் மொத்த விலை 8.4 கோடி. அதில் 1.25 சதவீதம் ஒதுக்குங்கள் என்போம், 10.5 லட்சம், குடும்பத்துக்கு 87,500. பாதியை ஒப்பந்தம் பதிவதற்கு முன்பே செலவழிக்கத் தயாராக இருங்கள், ஏனென்றால் வக்கீல், தேவை ஆவணம், மண் அறிக்கையை மறுபார்வை செய்வது எல்லாம் முன்கூட்டிய வேலைகள். ஜிஎஸ்டி பதிவு உள்ள நிபுணர்களின் கட்டணத்தோடு 18 சதவீதம் சேரும், அதையும் கணக்கில் வையுங்கள். முதலில் குடும்பத்துக்கு 25,000 போட்டு 3 லட்சத்தில் உரிமை அறிக்கையும் தேவை ஆவணமும் தொடங்குங்கள். உரிமை சரியில்லை என்று வந்தால் அத்தோடு நிறுத்தலாம்.

பணம் கட்டும் அட்டவணையில் உங்களுக்குப் பேரம் பேச வலு இருக்கிறது. 16இல் 12 வீட்டுக்குக் கட்டும் முன்பே ஆள் தயார். விளம்பரச் செலவு, புரோக்கர் கமிஷன், விற்காத வீட்டுக்கு வட்டி எதுவும் அவருக்கு இல்லை. அதைச் சொல்லியே கேளுங்கள்: ஒப்பந்தம் பதியும்போது 10 சதவீதம், அஸ்திவாரமும் பிளிந்தும் முடிந்து 15, மூன்று ஸ்லாபுக்குத் தலா 15, சுவரும் பூச்சும் முடிந்து 10, தரையும் குழாய் வேலையும் முடிந்து 10, பணி நிறைவுச் சான்றும் பொதுக்கூடம் உபயோகத்துக்குத் தயாரான நிலையும் கிடைத்து சாவி வாங்கும்போது 5, மீதி 5 ஆறு மாதம் கழித்து. பொதுக்கூடத்தைக் கடைசியில் கட்டித் தருகிறேன் என்பார்கள். வீடுகளுக்குக் குடிபோன பிறகு பாதியில் நிற்கும் பொதுக்கூடத்துக்காக யாரும் அவசரப்பட மாட்டார்கள், அதனால்தான் சாவியோடு அதைக் கட்டிப்போடச் சொல்கிறோம். அந்தக் கடைசி 5 சதவீதத்துக்கு அவர் இணங்காவிட்டால், அதே தொகைக்கு ஆறு மாத பேங்க் கேரண்டி கேட்டுப் பாருங்கள்.

பில்டருக்கு இந்த வாரமே இப்படி ஒரு கடிதம் அனுப்பலாம்: "உங்களோடு சேர்ந்து கட்டவே விரும்புகிறோம். எங்கள் தரப்பில் ஒரு வக்கீல், ஒரு ஆர்க்கிடெக்ட், ஒரு இன்ஜினியர், ஒரு ஆடிட்டரை எங்கள் செலவில் வைக்கிறோம். தாய்ப்பத்திரம் முதலான ஆவணங்கள், ஜேடிஏ, பவர் பத்திரம், மண் அறிக்கை, உத்தேச வரைபடம், 16 வீட்டின் யுடிஎஸ் அட்டவணை ஆகியவற்றின் நகலை 10 நாளில் தாருங்கள். 90 நாள் புரிந்துணர்வுக் கடிதத்தின் வரைவு இத்துடன் உள்ளது. ரெரா பதிவு எண் கிடைத்ததும் முன்பணத்தை ரெரா கணக்கில் செலுத்துகிறோம்." உங்கள் இரண்டு பிரதிநிதிகள் கையெழுத்திட்டு, மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். யுடிஎஸ் அட்டவணை வந்ததும் முதல் வேலையாகக் கால்குலேட்டரை எடுத்துக் கூட்டிப் பாருங்கள்.